சட்டையைக் கழற்றியவனுக்கு இரண்டாவது மஞ்சள்

நவம்பர் 16, ஞாயிறு இரவு

எனக்கு வந்த கேள்வியை அப்படியே தருகிறேன்: "இன்று காலை பெங்களூரு ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு உள்ளூர்க் கால்பந்துக் கோப்பையின் அரையிறுதி. 2-2. கடைசி நிமிடத்தில் கோல் போட்ட பையன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான். ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தான். ரெஃப்ரி கொஞ்சமும் கூசாமல் இன்னொரு மஞ்சளைக் காட்டி, சிவப்பையும் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். இறுதி ஆட்டமும் போச்சு. பதினெட்டு வயதுப் பையன். புத்தி உள்ளவன் செய்கிற காரியமா இது? நீங்களும் விசில் ஊதுகிறவர்தானே, சொல்லுங்கள்."

ஊதுகிறவன்தான். கம்பெனி லீக், பேட்டைக் கோப்பை, பள்ளிக்கூடப் போட்டி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவன். நானாக இருந்தாலும் அந்த அட்டையைக் காட்டியிருப்பேன்.

கோல் கொண்டாட்டத்தில் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் என்பது 2004 முதல் கட்டாயம். 'ரெஃப்ரி கருதினால்' என்ற பேச்சே அங்கே கிடையாது. கோல் செல்லாது என்று பிறகு முடிவானாலும் மஞ்சள் நிற்கும். கால்பந்து விதிப் புத்தகத்தில் இதே 12-வது சட்டத்தில் ஃபவுல் பற்றிய பகுதியைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். கவனக்குறைவா, முரட்டுத்தனமா, அளவு மீறிய பலமா என்று தரம் பிரிப்பது முழுக்க ரெஃப்ரியின் பொறுப்பு. சில இடங்களில் புத்தகம் நம் கண்ணை நம்புகிறது, சில இடங்களில் நம்புவதில்லை. நம்பாத இடத்தில் போய் 'பாவம் பையன்' என்று நான் இரக்கப்பட்டால், அடுத்த வாரம் எதிர்ப் பேட்டைக்காரன் கழற்றும்போது என்ன பதில் சொல்வேன்?

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கும். 116-வது நிமிடம், ஸ்பெயினின் இனியெஸ்டா போட்ட கோல். சட்டையைக் கழற்றினார். உள்ளே இருந்த பனியனில் முந்தின வருடம் இறந்துபோன நண்பர் டானி ஹார்க்கேவின் பெயர். உலகமே உருகியது. ரெஃப்ரி ஹோவர்ட் வெப் மஞ்சளைக் காட்டினார். இனியெஸ்டா ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே ஆட்டத்தில், முதல் பாதியில், நெதர்லாந்தின் நைஜெல் டி யோங் பூட்ஸைத் தூக்கி ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் வைத்தார். அதற்கும் மஞ்சள்தான். தன் கண்ணில் சரியாகப் படவில்லை, சிவப்பு கொடுத்திருக்க வேண்டும் என்று வெப்பே பிறகு சொன்னார். செத்தவன் பெயரைக் காட்டியதற்கும் நெஞ்சில் மிதித்ததற்கும் ஒரே நிற அட்டை. புத்தி எங்கே வேண்டும் என்று கேட்டால் அந்த இரண்டாவது இடத்தில் என்பேன். சட்டை விஷயத்தில் இல்லை.

நவம்பர் 17, காலை

"அப்படியானால் ரெஃப்ரிக்குப் பதில் ஒரு மெஷினை நிறுத்திவிடலாமே" என்கிறார் ஒருவர். தாராளமாக. மெஷினுக்கு ஆட்டோ காசு தர வேண்டாம், அதன் அம்மாவைத் திட்டினாலும் அதற்குக் கோபம் வராது.

நவம்பர் 17, மதியம்

ஆபீஸில் உட்கார்ந்து யோசித்ததில், நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அட்டை சரிதான். ஆனால் அந்தப் பையன் ஏற்கெனவே ஒரு மஞ்சளில் இருக்கிறான் என்பது அந்த ரெஃப்ரிக்குத் தெரியும், நோட்டில் எழுதியிருப்பார். கோல் விழுந்ததும் அவன் கார்னர் கொடி பக்கம் ஓடுகிறான். அந்த நேரத்தில் ரெஃப்ரி கூடவே ஓடி, "டேய், சட்டை! சட்டை!" என்று கத்தியிருக்கலாம். பழகிய ரெஃப்ரிகள் செய்வார்கள். காதில் விழுந்தால் விழட்டும், விழாவிட்டால் அவன் தலையெழுத்து. ஆட்டத்துக்கு முன்பு டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவைக்கலாம். அதற்கும் பிறகு கழற்றினால் யாரும் ரெஃப்ரியைத் திட்ட மாட்டார்கள். சரி, திட்டுவார்கள், ஆனால் கொஞ்சம் குறைவாக.

அந்த ரெஃப்ரி கத்தினாரா இல்லையா என்பது கேள்வி கேட்டவருக்குத்தான் தெரியும்.

நவம்பர் 17, இரவு

கத்தவில்லையாம். சென்டர் சர்க்கிளிலேயே நின்று பாக்கெட்டில் கை விட்டுக் காத்திருந்தாராம். அப்படியானால் என் கோபமும் கேள்வி கேட்டவரின் கோபமும் பாதி தூரம் சேர்ந்தே போகும்.

நவம்பர் 19

"சட்டம் சட்டம்தான் என்றால், கீப்பர் ஆறு வினாடிக்கு மேல் பந்தை வைத்திருந்ததற்கு எத்தனை பேருக்கு விசில் ஊதியிருக்கிறீர்கள்?" இது இந்திரா நகரிலிருந்து எழுதும் அண்ணன். நல்ல இடத்தில் அடிக்கிறார்.

ஊதியதே இல்லை. நான் மட்டும் இல்லை, உலகத்தில் அநேகமாக யாரும் ஊதியதில்லை. ஆறு வினாடி விதி பல வருடம் புத்தகத்தில் இருந்தது, கீப்பர்கள் பத்துப் பன்னிரண்டு வினாடி பந்தைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள், ரெஃப்ரி கையை ஆட்டி "சீக்கிரம்" என்பார், அவ்வளவுதான்.

பிறகு 2012 லண்டன் ஒலிம்பிக் வந்தது. பெண்கள் அரையிறுதி, ஓல்டு டிராஃபோர்டில், கனடாவும் அமெரிக்காவும். கிறிஸ்டின் சின்க்ளேர் ஒருவரே மூன்று கோல் போட்டு கனடா 3-2 முன்னிலை. முடிய பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கனடா கீப்பர் எரின் மெக்லாயிட் பந்தை வைத்திருந்தார். நார்வே ரெஃப்ரி கிறிஸ்டினா பெடர்சன் விசில் ஊதினார். பெனால்டி பாக்ஸுக்குள் இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோல் ஆகக்கூடிய கிக். அமெரிக்கா அடித்த பந்து ஒரு கனடா வீராங்கனையின் கையில் பட்டது. பெனால்டி. அமெரிக்காவின் வாம்பாக் போட்டு 3-3. கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் அலெக்ஸ் மோர்கன், 4-3. இதில் ரசமான விஷயம், அதற்கு முன்பே வாம்பாக் ரெஃப்ரியின் காதில் விழும்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். தூங்கிக்கொண்டிருந்த சட்டத்தைத் தட்டி எழுப்பியதே அவர்தான்.

இங்கே பைக்கில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் என்பது எப்போதோ வந்த சட்டம். வருடக்கணக்கில் யாரும் கேட்க மாட்டார்கள், திடீரென்று ஒரு காலையில் ட்ரினிட்டி சர்க்கிளில் வரிசையாக நிறுத்துவார்கள். சட்டம் சரி, அபராதமும் சரி. ஆனால் மாட்டியவனுக்கு 'ஏன் இன்று, ஏன் நான்' என்ற கேள்வி போகாது.

கனடாவுக்கும் அதே கேள்விதான். இடைவேளையில் லைன் ரெஃப்ரி தன்னிடம் தாமதிக்காதே என்று சொன்னதாக மெக்லாயிடே ஒத்துக்கொண்டார். அதாவது ஒரு எச்சரிக்கை இருந்திருக்கிறது. ஆனால் அது போகிற போக்கில் சொன்னது. நடுவில் நின்று, எல்லாரும் பார்க்க, விரலைத் தூக்கிக் காட்டிச் சொன்னதில்லை. நான் இப்போது இந்தக் கட்சியில் இருக்கிறேன்: கண்டிப்பு, தளர்ச்சி இரண்டோடும் ஆட்டக்காரர்கள் வாழப் பழகிக்கொள்வார்கள். எது வரும் என்று தெரியாமல் இருப்பதோடுதான் வாழ முடியாது.

நவம்பர் 20

இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு பெங்களூரு எஃப்சியின் சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக்கைப் பேசாமல் எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

2023 மார்ச் 3, கண்டீரவா ஸ்டேடியம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நாக் அவுட், பெங்களூரு எஃப்சிக்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும். தொண்ணூறு நிமிடத்தில் 0-0. கூடுதல் நேரம் தொடங்கிச் சில நிமிடங்களில் பெங்களூருவுக்கு பாக்ஸ் விளிம்பில் ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் பந்தை மறித்து வரிசையாக நின்று சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள், கீப்பர் கில் அவர்களை நிறுத்திக்கொண்டிருந்தார். சேத்ரி தட்டிவிட்டார். கோல். ரெஃப்ரி கிறிஸ்டல் ஜான் செல்லும் என்றார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டே வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அவர்கள் திரும்பி வரவில்லை.

நான் அன்று மேலே உட்கார்ந்திருந்தேன். கோல் விழுந்ததைப் பார்க்கவில்லை, பின் வரிசைக்காரரிடம் கடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் வலையில் பந்து. என்னைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் "என்னாச்சு மச்சா" என்றுதான் கேட்டார்கள். கில் பார்க்காததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

13-வது சட்டம் என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக்கை உடனே அடிக்கலாம். 9.15 மீட்டர் தள்ளி நிற்பது எதிரணியின் கடமை. அடிப்பவர் தூரம் கேட்காவிட்டால் விசிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ரெஃப்ரி தலையிட்டுச் சுவரை நகர்த்த ஆரம்பித்துவிட்டால்தான் விசில் வரும்வரை நிற்க வேண்டும். விசில் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் முன்பே சொன்னதாக சேத்ரி பிறகு விளக்கினார். அப்படியானால் கோலில் ஓட்டை இல்லை.

ஆனால் கேட்டது ஒருவர், தலையாட்டியது ஒருவர். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பேச்சு தெரிந்திருக்காது. சட்டப்படி தெரியப்படுத்த வேண்டியதும் இல்லை. ஃபவுல் நடந்த இரண்டாவது வினாடியில் அடித்தால் அதற்குப் பெயர் விரைவு ஃப்ரீ கிக், யாரும் வாய் திறக்க முடியாது. எல்லாரும் மூச்சு வாங்கி, பேசி, நகர்ந்து, சுவர் பாதி கட்டின பிறகு அடித்தால் அதே சட்டம் வேறு மாதிரித் தெரிகிறது. நான் அந்த இடத்தில் இருந்தால், அவ்வளவு நேரம் ஓடிய பிறகு விசிலை உயர்த்திக் காட்டி, 'இதற்குத்தான் காத்திரு' என்றிருப்பேன். கிறிஸ்டல் ஜான் செய்தது சட்ட மீறல் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

நவம்பர் 20, அதே இரவு

பிளாஸ்டர்ஸ் நண்பர்களுக்கு: வெளிநடப்பை நான் நியாயப்படுத்தவில்லை. 4 கோடி ரூபாய் அபராதம் அணிக்கு, 10 ஆட்டத் தடையும் 5 லட்சமும் பயிற்சியாளருக்கு. கடுமைதான். ஆனால் ரெஃப்ரி பிடிக்கவில்லை என்று மைதானத்தைக் காலி செய்வதை ஒரு தடவை விட்டால், எங்கள் பேட்டைக் கோப்பைகளில் ஒரு ஆட்டம் கூட இடைவேளையைத் தாண்டாது.

நவம்பர் 22

ரெஃப்ரி கிளைவ் தாமஸ் பற்றி ஒரு வரியாவது எழுதச் சொல்கிறார்கள். 1978 உலகக் கோப்பை, பிரேசிலும் ஸ்வீடனும், 1-1. கடைசி வினாடியில் பிரேசிலுக்கு கார்னர். அடித்த பந்து காற்றில் இருக்கும்போதே வேல்ஸ்காரர் தாமஸ் ஆட்டம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார். ஜிக்கோ தலையால் முட்டி உள்ளே போட்டது கோல் இல்லை.

சட்டத்தில் அவர்மேல் குறையே கிடையாது. நேரம் முடிந்தால் முடிந்ததுதான், பெனால்டிக்கு மட்டுமே நேரத்தை நீட்டச் சொல்லியிருக்கிறது. கார்னரை அடிக்கவே விடாமல் முடித்திருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. அடிக்க விட்டார், விட்டுப் பறித்தார். கௌதம்புராவில் பெலே சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். மினி பிரேசில் என்று பேர் வைத்துக்கொண்ட ஏரியா. அங்கே இருக்கும் பெரியவர்கள் இன்னமும் தாமஸை மன்னிக்கவில்லை.

நவம்பர் 24

நேற்று நடந்தது. கார்த்திகை பிறந்துவிட்டது, மாலை போட்டுக்கொண்ட பையன்கள் மைதானத்துக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கீப்பர், கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்புக் கூட இல்லை. "சார், மாலையைக் கழற்ற முடியாது, பூட்ஸும் போட முடியாது. எதிர் டீம் கேப்டன் ஓகே சொல்லிட்டார்." எதிர் டீம் கேப்டன் போன வருடம் மலைக்குப் போனவர். அவரும் "விடுங்க சார், சாமிதானே" என்கிறார்.

4-வது சட்டத்தில் இரண்டு வரி. காலணி கட்டாயம். கழுத்தணி உட்பட நகை எதுவும் கூடாது, டேப் ஒட்டி மறைக்கவும் கூடாது. நேற்று அங்கிருந்த எல்லாருக்கும், என்னைத் தவிர, நியாயம் ஒரே பக்கம்தான் இருந்தது.

சேர்க்கவில்லை. கீப்பர் என்பவன் கூட்டத்துக்குள் குதிப்பவன். அந்த மாலையில் இன்னொருவன் விரல் மாட்டினால் விரலும் போகும், கழுத்தும் போகும். வெறுங்கால் மேல் ஸ்டட் பூட்ஸ் ஏறினால் என்ன ஆகும் என்று எதிர் கேப்டனின் ஓகே பதில் சொல்லாது. அவனுடைய குருசாமி போனில் வந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்து வாங்கினேன். "விரதத்துல இருக்கறவனுக்கு ஃபுட்பால் என்னங்க வேண்டியிருக்கு, வீட்டுக்கு அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைவிடக் கண்டிப்பான ரெஃப்ரி.

நவம்பர் 24, இரவு

"தலைப்பாகைக்கு மட்டும் விட்டார்களே" என்று வந்திருக்கிறது. உண்மை. 2013-ல் கனடாவின் கியூபெக் சங்கம் சீக்கியப் பையன்கள் தலைப்பாகையோடு ஆடக் கூடாது என்றது, ஊரே கொதித்தது, ஃபிஃபா தலையிட்டது, 2014-ல் விதி வாரியம் தலைப்பாகையையும் ஹிஜாபையும் அனுமதித்து எழுதியே வைத்தது. அதற்கு முன்பு, 2011-ல், ஈரான் பெண்கள் அணி ஹிஜாப் காரணமாக ஜோர்டானில் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தையே ஆட முடியாமல் இழந்தது. கழுத்தை இறுக்கும் ஆபத்து என்பதுதான் அப்போது சொன்ன காரணம். துணி எப்படி இருந்தால் ஆபத்து இல்லை என்று பார்த்து, விதியை மாற்றினார்கள்.

அந்த அணி அழுதுகொண்டு நின்றபோது ரெஃப்ரி ஒருவர் 'எனக்குத் தோன்றியது' என்று விட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேனா? பட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இது என் கட்சிக்கு ஒத்துவரவில்லை, தெரியும்.

நவம்பர் 25

"சிலுவைச் சங்கிலி போட்டவனை விடுவீர்கள்தானே?" இல்லை அய்யா. சங்கிலி, ஜெபமாலை, கறுப்புக் கயிறு, தாயத்து, செம்புக் காப்பு, எல்லாம் ஒரு பையில் என் காலடியில் இருக்கும். ஆட்டம் முடிந்தபின் யாருடையது எது என்று பிரித்துக் கொடுப்பதுதான் எக்ஸ்ட்ரா டைம்.

ஒன்றே ஒன்றைத் தொட மாட்டேன். அரைஞாண். சட்டப்படி அதுவும் கூடாது, வெள்ளியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். டிராயருக்குள் இருப்பதைத் தேடிப் பார்க்கிற ரெஃப்ரி இந்தப் பெங்களூரில் இன்னும் பிறக்கவில்லை.

நவம்பர் 26

வெறுங்கால் என்றதும் 1948 வந்தே தீரும். லண்டன் ஒலிம்பிக், பிரான்சுக்கு எதிராக இந்தியா, நம் ஆட்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோல், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல், சாரங்கபாணி ராமன் போட்டது. 1952-ல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 வாங்கிய பிறகுதான் இங்கே பூட்ஸ் கட்டாயம் ஆனது. எங்கள் தாத்தா காலத்து அல்சூர் ஆட்டக்காரர்கள் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, லைன் ஓரம் வைத்துவிட்டு ஆடியதாகக் கேள்வி.

ஆகவே நான் அந்தக் கீப்பரை வெளியே உட்காரவைத்தது பரம்பரைத் துரோகம் என்று எழுதியவரே, உங்கள் வாதம் அழகு. முடிவு மாறவில்லை.

நவம்பர் 29

இது சும்மா சிரிக்க. 2009-ல் சண்டர்லாந்து அடித்த பந்து, ரசிகர் வீசிய ஒரு பீச் பந்தில் பட்டுத் திசை மாறி லிவர்பூல் வலைக்குள் போனது. சட்டப்படி ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் போட்டு, அதாவது ரெஃப்ரி பந்தைக் கீழே போட்டு, மறுபடி தொடங்கியிருக்க வேண்டும். ரெஃப்ரி கோல் கொடுத்தார், 1-0 என்றே முடிந்தது. புத்தகத்தை அப்படியே பிடித்திருந்தால் நியாயம் கிடைத்திருக்கும் ஆட்டம் அது.

நம் மைதானங்களில் பீச் பந்துக்குப் பதில் நாய். எங்கள் பக்கத்தில் ஒன்று ஆஃப்சைடு லைனில் அழகாக நிற்கும். விசில் ஊதினால் ஓடாது, பிஸ்கட் வேண்டும்.

டிசம்பர் 1

கானாவை யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன், வந்துவிட்டது. 2010 உலகக் கோப்பை காலிறுதி, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம், கோலுக்குள் போகிற பந்தை உருகுவேயின் சுவாரெஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. சட்டத்தில் இருந்த அத்தனையும் கிடைத்தது. கானாவின் கியான் அடித்தது குறுக்குக் கம்பியில் பட்டது, டைபிரேக்கரில் கானா வெளியே. "அங்கே ரெஃப்ரி பொதுப்புத்தியோடு கோல் கொடுத்திருக்க வேண்டாமா?"

கூடாது. விழாத கோலைக் கொடுக்கும் அதிகாரத்தை எந்த மனிதன் கையிலும் கொடுக்க எனக்குப் பயம். ரக்பியில் பெனால்டி ட்ரை உண்டு, தடுக்கப்பட்ட ஸ்கோரை ரெஃப்ரியே கொடுத்துவிடுவார் என்கிறீர்கள், இருக்கட்டும், அது அவர்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இங்கேயும் எழுதட்டும், கொடுக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1999 எஃப்ஏ கோப்பை. அடிபட்டவருக்காக ஷெஃபீல்டு யுனைடெட் பந்தை வெளியே அடித்தது. ஆர்சனல் மரியாதையாகத் திருப்பித் தர வேண்டிய த்ரோ-இன்னில் அதன் ஆட்டக்காரர் கானு ஓடிப் பிடித்து ஓவர்மார்ஸுக்குக் கொடுக்க, கோல். ரெஃப்ரியால் ஒன்றும் செய்ய முடியாது, சட்டத்தில் குற்றமே இல்லை. ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சீன் வெங்கர்தான் முழு ஆட்டத்தையும் திரும்ப ஆடலாம் என்றார், ஆடினார்கள். 2019-ல் லீட்ஸ் இதே மாதிரி ஒரு கோல் போட்டபோது அதன் பயிற்சியாளர் பியெல்சா தன் ஆட்களிடம், விடுங்கள், ஆஸ்டன் வில்லா ஒரு கோல் போட்டுக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டார். ஆட்டம் 1-1.

மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் இரண்டு பயிற்சியாளர்களும் இருக்க, புத்தியை மட்டும் விசில்காரன் ஒருவன் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது என்ன நியாயம்?

டிசம்பர் 4

வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் விஏஆர் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, எங்கள் மட்டத்தில் விஏஆர் என்பது டச் லைனில் போனில் படம் எடுக்கிற தம்பி. ஆனால் ஒன்று. 2019-ல் ஹேண்ட் விதியை இறுக்கினார்கள், கோலுக்கு முன் தாக்கும் அணியில் யார் கையில் தெரியாமல் பட்டாலும் கோல் இல்லை என்று. அந்த ஆகஸ்டிலேயே மான்செஸ்டர் சிட்டியின் காப்ரியேல் ஜீசஸ் டாட்டன்ஹாமுக்கு எதிராகப் போட்ட கடைசி நிமிட கோல் போனது, லாபோர்ட்டின் கையில் பந்து லேசாக உரசியதற்காக. மைதானத்தில் யாரும் அதைக் கேட்கக்கூட இல்லை. 2021-ல் விதியைத் தளர்த்தினார்கள். இப்போது தெரியாமல் பட்டது என்றால், கோல் போட்டவன் கையிலேயே பட்டிருந்தால்தான் குற்றம்.

ரெஃப்ரிகள் இரண்டு வருடம் அந்த விதியை அப்படியே அமல்படுத்தினார்கள், அதன் அபத்தம் எல்லாருக்கும் தெரிந்தது, மாறியது. அவரவர் புத்திப்படி ஆளாளுக்குக் கண்டும் காணாமலும் விட்டிருந்தால் இன்னமும் அந்த வரி புத்தகத்தில் கிடந்திருக்கும். ஆறு வினாடி விதி கிடந்த மாதிரி.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆறு வினாடிக்கு என்ன ஆனது என்று தெரியாதவர்களுக்கு: 2025-26 சீசனிலிருந்து அது எட்டு வினாடி. கடைசி ஐந்து வினாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி, விரல் விரலாக, எல்லாரும் பார்க்க எண்ண வேண்டும். தண்டனையும் மாறிவிட்டது. பழைய இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுக்க ரெஃப்ரிகளுக்கே கை வரவில்லை, பாக்ஸுக்குள் அவ்வளவு பெரிய தண்டனை. இப்போது எதிரணிக்கு கார்னர். வாம்பாக் எண்ணியதை இனி ரெஃப்ரியே எண்ணுவார்.

இன்று காலை கம்பெனி ஆட்டம் ஒன்றில் முதல் தடவையாக எண்ணினேன். டாஸிலேயே சொல்லியிருந்தேன். கை மூன்றாவது விரலுக்கு வரும்போது கீப்பர் பதறிப்போய்ப் பந்தை நேராக எதிரணி ஃபார்வர்டின் காலில் போட்டார். கோல். கீப்பரின் மேனேஜர் என்னிடம் வந்து, "சார், ஆபீஸ் மேட்சுக்கு எல்லாம் இது தேவையா" என்றார்.

இந்திரா நகர் அண்ணனின் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை, எந்தப் பக்கத்து கார்னர் என்பது அடிக்கும் அணியின் விருப்பம் இல்லை. விசில் ஊதியபோது கீப்பர் நின்ற இடத்துக்கு எது பக்கமோ அந்தப் பக்கம். கோலுக்கு நேர் நடுவில் நின்றால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.